ஊதா நிறம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்கு வடக்கே அமைந்துள்ள ஊர் வத்திராயிருப்பு. ஊரின் மேற்கே மலைத்தொடர் மதில்போல் நிமிர்ந்து நிற்கிறது. அம்மலையில் பிறக்கும் பெரியாறும் கோவிலாறும் பிளவக்கல் அணைகளில் தங்கி, பின்னர் இறங்கி வந்து வயல்களுக்கு உயிரூட்டுகின்றன. நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் கண்மாய்களும் சூழ்ந்த அவ்வூரிலிருந்து மேற்கு நோக்கினால் சதுரகிரி மலை தோன்றும்.

அங்கு ஒரு மாலைப் பொழுதில் வயல் வரப்பின்மீது நின்று மலையை நோக்குவோமாயின், ஒரு வியப்பைக் காணலாம். நண்பகலில் பச்சைப் பசேலென்று விளங்கிய மலை, கதிரவன் அதன் பின்னே சாயத் தொடங்கியதும் நீலமாகிறது. சிறிது நேரத்தில் நீலத்தில் செம்மை கலந்து ஊதா நிறம் கொள்கிறது. பின்பு இருளில் மறைந்துவிடுகிறது. மலையின் மரங்கள் நிறம் மாறினவா? இல்லை. மலைக்கும் நமக்கும் இடையே பல கல் தொலைவு காற்று பரந்து நிற்கிறது. காற்று நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்யும் இயல்புடையது. ஆகவே, தொலைவில் உள்ள மலையின்மீது நீலத் திரை ஒன்று விரித்தாற்போல் தோன்றுகிறது. அந்தி வானத்தின் செம்மை அத்திரையோடு கலக்கும்போது ஊதா பிறக்கிறது. நீலமும் சிவப்பும் கூடுமிடத்தில் ஊதா தோன்றும் என்னும் முதற்பாடத்தை இம்மலையே நமக்குக் கற்பிக்கின்றது.

உலகில் ஊதா நிறத்தைப்போல் நெடிய வரலாறு உடைய நிறம் வேறொன்று இருத்தல் அரிது. மன்னர்கள் அதனைத் தமக்கே உரியது என்றனர். வணிகர்கள் அதனைப் பொன்னினும் உயர்ந்த விலைக்கு விற்றனர். ஓர் இளைஞர் அதனை நிலக்கரித் தாரிலிருந்து எடுத்து உலகினர் யாவர்க்கும் உரியதாக்கினார். இவ்வளவும் மனிதரிடையே நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தில், வத்திராயிருப்பை அடுத்த இதே மலைத்தொடரின் மண்ணுக்கடியில், ஊதா நிறம் பூண்ட ஓர் உயிர் எவரும் அறியாமல் வாழ்ந்து வந்தது. அவ்வரலாற்றை முறையாகக் காண்போம்.

பெயரும் பொருளும்

நம் மக்கள் நிறங்களைக் குறிப்பதற்குக் கண்முன் காணும் பொருள்களையே உவமையாகக் கொண்டனர். கிளிப்பச்சை, மயிற்கழுத்து நீலம், எலுமிச்சை மஞ்சள் என்பன அவ்வாறு வந்த பெயர்கள். ஊதாவின் வகைகளையும் அவ்வாறே கத்தரிப்பூ நிறம், நாவற்பழ நிறம், வாடாமல்லி நிறம் என்று வழங்குகின்றனர். துணிக்கடைக்குச் சேலை எடுக்கச் செல்லும் பெண்மணி, "கத்தரிப்பூ நிறத்தில் காட்டுங்கள்" என்றால், கடைக்காரர் மறுமொழி வினவாமல் எடுத்து விரிப்பார். கத்தரிப்பூவில் நீலச் சாயல் மிகுந்து வெளிறிய ஊதா; நாவற்பழத்தில் கருமை தோய்ந்த ஊதா; வாடாமல்லியில் செம்மை மேலிட்ட ஊதா. ஒரே நிறத்தின் மூன்று முகங்களையும் பிரித்தறிந்து பெயரிட்ட நம் முன்னோரின் நுண்ணறிவு பாராட்டத்தக்கது.

வானவில்லில் இல்லாத நிறம்

1666-ஆம் ஆண்டளவில் ஆங்கில அறிஞர் ஐசக்கு நியூட்டன், இருண்ட அறையினுள் சிறு துளை வழியே கதிரவன் ஒளியைப் புகவிட்டு, அதனை ஒரு முப்பட்டைக் கண்ணாடியின் ஊடே செலுத்தினார். வெண்மையாகப் புகுந்த ஒளி, பல நிறங்களாகப் பிரிந்து எதிர்ச்சுவரில் விழுந்தது. ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் ஊதாவும் எல்லைகளாக நின்றன. மழைத்துளிகள் அம்முப்பட்டைக் கண்ணாடியின் தொழிலைச் செய்வதனாலேயே வானவில் தோன்றுகிறது. வில்லின் வெளிவளையத்தில் சிவப்பையும், உள்வளையத்தில் ஊதாவையும் காணலாம்.

ஒளி அலை வடிவானது. அலையின் நீளத்திற்கேற்ப நிறம் மாறும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாகப் பகுத்தால், ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். நம் கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் மிகக் குறுகிய அலை ஊதாவுக்கு உரியது. அது ஏறத்தாழ 380 முதல் 450 நானோமீட்டர் வரை நீளமுடையது. அதனினும் குறுகிய அலைகள் புற ஊதாக் கதிர்கள் எனப்படும். அவற்றை நாம் காண இயலாது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. வானவில்லின் ஊதா வேறு. வாடாமல்லியின் ஊதா வேறு. முன்னது தனித்த ஓர் அலையின் நிறம். பின்னதோ சிவப்பும் நீலமும் கலந்து தோன்றும் நிறம். வானவில்லில் சிவப்பு ஓர் ஓரத்திலும், நீலமும் ஊதாவும் மற்றோர் ஓரத்திலும் நிற்பதால், அவை ஒன்றோடொன்று கலப்பதில்லை. எனவே, செம்மை மேலிட்ட ஊதாவை வானவில்லில் எவ்வளவு தேடினும் காணமுடியாது. அங்ஙனமாயின் அந்நிறம் எங்கே உள்ளது? நம் கண்ணிலும் மூளையிலும் உள்ளது என்பதே விடை. கண்ணின் விழித்திரையில் நிறமுணரும் நுண்ணறைகள் மூவகையாக அமைந்துள்ளன. அவற்றுள் சிவப்பை உணர்வனவும் நீலத்தை உணர்வனவும் ஒருங்கே தூண்டப்பட்டு, பச்சையை உணர்வன அடங்கியிருக்குமானால், மூளை அதனை ஊதா என்று கொள்கிறது. காணும் பொருளில் மட்டுமன்றிக் காண்பவரிடத்தும் நிறம் உண்டு என்பது இதனால் விளங்கும்.

செடியும் கொடியும் தரும் ஊதா

தாவரங்களில் ஊதா நிறத்தைத் தருவது பெரும்பாலும் ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருள். கத்தரிக்காயின் தோலிலும், நாவற்பழத்தின் சதையிலும், கருந்திராட்சையிலும் அமைந்திருப்பது இதுவே. நாவற்பழம் தின்ற சிறுவன், "நான் பழம் தின்னவில்லை" என்று பொய்யுரைக்க இயலாது. அவன் நாவே சான்று கூறிவிடும். நாவல் மரத்தின்மீது அமர்ந்திருந்த சிறுவன் ஒருவன், சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று வினவி ஔவையாரை மலைக்கச் செய்த கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். மண்ணில் விழுந்த ஊதாக் கனியை ஊதித் தின்ற அம்மூதாட்டியாரின் நினைவு, தமிழர் உள்ளத்தில் அப்பழத்தோடு பிரியாமல் ஒட்டிக்கொண்டுள்ளது. நம் பெருநாட்டிற்கே நாவலந்தீவு என்று பண்டையோர் பெயரிட்டனர்.

ஆந்தோசயனினுக்கு ஒரு விந்தையான பண்பு உண்டு. அது புளிப்பைச் சேர்ந்தால் செம்மை கொள்ளும்; காரத்தைச் சேர்ந்தால் நீலமும் பச்சையும் கொள்ளும். இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். வேலிகளில் படர்ந்து பூக்கும் சங்குப்பூவின் நீல இதழ்கள் சிலவற்றைக் கொதிநீரில் இடுக. நீர் கருநீலமாகும். அதனை மூன்று கிண்ணங்களில் ஊற்றுக. முதற்கிண்ணத்தை அவ்வாறே விடுக. இரண்டாவதில் எலுமிச்சைச் சாற்றைத் துளித்துளியாகப் பிழிக. நீலம் மறைந்து அழகிய ஊதா தோன்றும். மூன்றாவதில் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சிறிது சேர்க்க; நீர் பச்சைச் சாயல் பெறும். ஒரே பூவின் சாறு மூன்று நிறம் காட்டும் இக்காட்சியைக் கண்ட மாணவர், வேதியியலை அஞ்சத்தக்க பாடமாக இனிக் கருதமாட்டார். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் 99 மலர்களுள் கருவிளை என்பது இச்சங்குப்பூவே.

எல்லா ஊதாவும் ஆந்தோசயனின் அன்று. வாடாமல்லிக்கும் பீட்ரூட்டுக்கும் நிறம் தருவது பெட்டலைன் என்னும் வேறொரு வகை நிறப்பொருள். ஒரு செடியில் இவ்விரண்டும் ஒன்றாக இருப்பதில்லை என்பது அறிஞர் கண்ட உண்மை.

செடி இந்நிறத்தை அழகுக்காக மட்டும் பூணவில்லை. தேனீக்கள் சிவப்பை உணரமாட்டா. ஆனால் நீலத்தையும், நாம் காண இயலாத புற ஊதாவையும் நன்கு உணரும். தேனீக்களுக்கு நிற உணர்வு உண்டு என்பதைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்னும் அறிஞர் ஆய்ந்து மெய்ப்பித்தார். தேனீக்களைப்பற்றிய அவருடைய ஆராய்ச்சிகளுக்காக 1973-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே, நீலமும் ஊதாவுமாகப் பூக்கும் மலர்கள் பல தேனீக்களை அழைக்கும் கொடிகள் எனலாம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி 2018-ஆம் ஆண்டில் கோடைக்கானல், மூணாறு முதலிய இடங்களின் மலைச்சரிவுகளில் பூத்தபோது, மலையே நீலமும் ஊதாவும் கலந்த போர்வை போர்த்ததுபோல் காட்சி தந்தது.

பறவைகளுள் ஊதாத் தேன்சிட்டு குறிப்பிடத்தக்கது. நிழலில் அமர்ந்திருக்கும்போது ஆண் சிட்டு கரிய பறவையாகவே தோன்றும். வெயிலில் சற்றுத் திரும்பினால் அதன் கழுத்தும் மார்பும் ஊதாவாகவும் நீலமாகவும் சுடர்விடும். அவ்விறகில் ஊதாச் சாயம் ஏதும் இல்லை. இறகின் மிக நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது சில அலைகள் வலுப்பெற்று, சில அலைகள் அழிந்துவிடுவதால் அந்நிறம் உண்டாகிறது. சவர்க்காரக் குமிழியில் நிறங்கள் ஓடுவதும் இம்முறையாலேயே.

மன்னர் அணிந்த நிறம்

காட்டிலும் தோட்டத்திலும் ஊதா மிகுந்திருப்பினும், அதனைத் துணியில் நிலைக்கச் செய்வது பண்டைக்கால மக்களுக்கு எளிதாக இல்லை. நாவற்பழச் சாற்றில் தோய்த்த துணி, வெயிலிலும் நீரிலும் விரைவில் வெளுத்துவிடும். வெளுக்காத ஊதாச் சாயம் கடலிலிருந்தே கிடைத்தது.

மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் தீர் என்னும் பழைய நகரம் உண்டு. அது இன்று இலெபனான் நாட்டில் உள்ளது. அந்நகரத்தார் கடலில் வாழும் முட்சங்கு என்னும் நத்தை வகையிலிருந்து சாயம் எடுத்தனர். அவர்கள் அச்சாயத்தைக் கண்டறிந்த வகையைப்பற்றி ஒரு கதை வழங்கியது. வீரன் எர்க்குலிசின் நாய் கடற்கரையில் ஒரு நத்தையைக் கடித்தது. அதன் வாயெல்லாம் ஊதாவாயிற்று. அதனைக் கண்டே மக்கள் இச்சாயத்தை அறிந்தனர் என்பது அக்கதை. கதை எவ்வாறாயினும், தொழில் கடினமானது. நத்தையின் உடலில் உள்ள சிறு சுரப்பியிலிருந்து கிடைக்கும் நீர் முதலில் நிறமற்றதாக இருக்கும். காற்றும் வெயிலும் பட, அது மஞ்சள், பச்சை, நீலம் என மாறி, முடிவில் ஊதாவாக நிலைக்கும். சாயக்கூடங்களிலிருந்து எழுந்த தீநாற்றம் தாங்க முடியாதது எனப் பழைய நூல்கள் கூறுகின்றன.

ஒரு நத்தை தந்த சாயம் மிகச் சிறிது. 1909-ஆம் ஆண்டில் பால் ஃபிரீட்லண்டர் என்னும் வேதியியலறிஞர் 12,000 நத்தைகளைக் கொண்டு சாயம் எடுத்தார். அவருக்குக் கிடைத்தது 1.4 கிராம் மட்டுமே. பன்னீராயிரம் உயிர்கள் மாய்ந்து, ஒரு சிட்டிகைப் பொடி! இதனால் சாயத்தின் விலை விண்ணை எட்டியது. 301-ஆம் ஆண்டில் உரோமப் பேரரசர் தயோக்கிளேசியன் வெளியிட்ட விலைப்பட்டியலில், ஊதாச் சாயம் தோய்த்த பட்டு ஒரு பவுண்டு 1,50,000 தெனாரிக் காசுகள் எனக் குறிக்கப்பட்டுள்ளது. செல்வரும் வாங்க அஞ்சும் பொருளாக அது விளங்கியது. விலை மட்டுமா தடை? உயர்ந்த ஊதா ஆடையை மன்னர் அல்லாதார் அணிதல் குற்றம் எனச் சட்டங்களும் இயற்றப்பட்டன. கான்சுடாண்டினோப்பிளில் அரசாண்ட பேரரசருக்குப் பிறந்த மக்களை, "ஊதாவில் பிறந்தவர்" என்று சிறப்பித்து அழைத்தனர். 1453-ஆம் ஆண்டில் அந்நகரம் துருக்கியர் வசமாயிற்று. அரச ஊதாவின் பழைய பெருவாழ்வும் அதனோடு முடிவெய்தியது.

இச்சாயத்திற்கும் நம் நாட்டிற்கும் தொடர்பு இல்லை என்று எண்ணிவிடலாகாது. நம் ஊர்களில் அவுரிச் செடியிலிருந்து நீலச் சாயம் எடுத்தனர். மேலைநாட்டார் அச்சாயத்திற்கு இட்ட பெயரே, "இந்தியாவிலிருந்து வந்தது" என்னும் பொருளுடையது. ஃபிரீட்லண்டர் நத்தைச் சாயத்தைப் பகுத்து ஆராய்ந்தபோது, அது அவுரி நீலத்தின் நெருங்கிய உறவே என்று கண்டார். அவுரி நீலத்தின் மூலக்கூற்றில் இரண்டு புரோமின் அணுக்கள் சேர்ந்தால் அதுவே தீர் நகரத்து ஊதா! கடல்நீரில் புரோமின் உண்டு. நிலத்துச் செடி நீலத்தோடு நின்றுவிட, கடல் வாழும் நத்தை புரோமினையும் கூட்டி ஊதாவை ஆக்கிக்கொண்டது.

சோழமண்டலக் கரையின் சாயத் தொழிலாளரோ ஓர் உயிரையும் வதைக்காமல் ஊதாவைப் படைத்தனர். இம்பூரல் என்னும் சிறு செடியின் சாயவேரினால் துணிக்குச் சிவப்பு ஏற்றினர். அதன்மேல் அவுரி நீலத்தைத் தோய்த்தனர். சிவப்பும் நீலமும் ஒன்றிய இடத்தில் ஊதா மலர்ந்தது. அவ்வண்ணம் எழுதிய பூந்துணிகள் கப்பலேறி ஐரோப்பாவின் மாளிகைகளை அலங்கரித்தன.

மருந்து தேடியவர் கண்ட சாயம்

1856-ஆம் ஆண்டு. இலண்டன் நகரில் வில்லியம் பெர்க்கின் என்னும் 18 வயது மாணவர் வேதியியல் பயின்றுகொண்டிருந்தார். அக்காலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா ஒன்றே நன்மருந்து. அது சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. போதிய அளவில் கிடைக்கவில்லை. இந்தியா போன்ற வெப்ப நாடுகளில் காய்ச்சலால் மாண்டவர் கணக்கற்றோர். கொயினாவைச் சோதனைச்சாலையிலேயே ஆக்க இயலுமா என்று பெர்க்கினின் ஆசிரியர் ஆஃப்மன் சிந்தித்து வந்தார். விடுமுறையில் பெர்க்கின் தம் வீட்டிலேயே அம்முயற்சியில் ஈடுபட்டார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அனிலீன் என்னும் பொருளைக் கொண்டு அவர் செய்த சோதனையில் கொயினா கிடைக்கவில்லை. கரிய வண்டலே கிடைத்தது.

வேறொருவராயின் அதனைக் கொட்டிவிட்டிருப்பார். பெர்க்கினோ குடுவையைச் சாராயத்தால் கழுவியபோது, அது ஒளிமிக்க ஊதாவாக மாறுவதைக் கண்டார். அதில் பட்டுத் துணியைத் தோய்த்தார், துவைத்தார், வெயிலில் இட்டார். நிறம் போகவில்லை. அவ்வாண்டிலேயே காப்புரிமை பெற்று, மறு ஆண்டில் தொழிற்சாலையும் நிறுவினார். பேரரசருக்கு மட்டும் உரியதாயிருந்த ஊதா, சில ஆண்டுகளில் தெருவிற்செல்லும் எளியோர் ஆடையிலும் இடம்பெற்றது. செயற்கைச் சாயத் தொழில் முழுவதற்கும் அச்சிறு குடுவையே வித்தாயிற்று.

ஆனால், அதன் விளைவு யாவும் நன்மையே என்று கூறுவதற்கில்லை. செயற்கைச் சாயங்கள் பெருகியபின் சாயவேர் தோண்டியோரும் அவுரி பயிரிட்டோரும் தம் பிழைப்பை இழந்தனர். சாயக் கழிவு ஆறுகளில் கலந்து நீரைக் கெடுப்பதையும் நாம் அறிவோம். அறிவின் ஆக்கத்தை ஏற்பவர்கள் அதனால் வரும் கேட்டைக் காக்கும் கடமையையும் ஏற்றல் வேண்டும்.

பெர்க்கின் தேடிய மருந்து கிடைக்காவிடினும், சாயத்தொழில் மருத்துவத்திற்கு வேறு வகையில் உதவியது. 1884-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு மருத்துவர் கிராம் என்பார், ஊதாச் சாயத்தைக் கொண்டு நோய்க்கிருமிகளைச் சாயமேற்றி வகைப்படுத்தும் முறையைக் கண்டார். சில கிருமிகள் ஊதாவைப் பற்றிக்கொள்ளும், சில விட்டுவிடும். இன்றும் மருத்துவமனைச் சோதனைச்சாலைகளில் இம்முறை கையாளப்படுகிறது.

நம் நாட்டில் ஊதாவுக்கு மற்றொரு பெருமையும் உண்டு. 1962-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல், வாக்களிப்போர் விரலில் அழியாத மை இடப்படுகிறது. மைசூரில் உள்ள ஓர் அரசுத் தொழிற்சாலையில் அது செய்யப்படுகிறது. ஊதா நிறமுடைய அம்மையில் வெள்ளி நைட்ரேட்டு என்னும் பொருள் கலந்துள்ளது. அது தோலோடு சேர்ந்து பல நாள் அழியாத கறையாகிறது. முன்னொரு காலத்தில் ஊதா அணிந்தவர் ஒருவர். அவர் ஆண்டார், மற்றையோர் பணிந்தனர். இன்றோ, வயலில் நாற்று நடும் பெண்ணின் விரலிலும், ஆலைத் தொழிலாளியின் விரலிலும், அமைச்சரின் விரலிலும் அந்நிறம் ஒன்றுபோலவே ஏறுகின்றது. மக்களாட்சியில் குடிமக்கள் யாவரும் ஊதாவுக்கு உரியவரே.

மண்ணுக்குள் வாழும் ஊதா

இனி, நாம் தொடங்கிய மலைக்கே திரும்புவோம். திருவில்லிபுத்தூரை அடுத்த மலைப்பகுதி 1988-ஆம் ஆண்டில் சாம்பல் நிற மலை அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டில் அது மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. இச்சரணாலயப் பகுதியிலிருந்துதான் 2017-ஆம் ஆண்டில் ஒரு புதிய தவளையினம் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதன் தோல் பளபளக்கும் ஊதா நிறம். மூக்கு பன்றியின் மூக்குப்போல் கூரியது. கண்கள் மிகச் சிறியன. கால்கள் மண்ணைத் தோண்டுதற்கேற்பக் குறுகித் தடித்தவை. ஊர்வனவற்றையும் நீர்நில வாழ்வனவற்றையும் ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்டு, 2014-ஆம் ஆண்டில் அகத்தியமலையில் ஆய்வுப் பணியின்போது உயிர்நீத்த அறிஞர் சுப்பிரமணியம் பூபதியின் பெயரை அதற்குச் சூட்டினர்.

இதற்கு முன்னரே, 2003-ஆம் ஆண்டில், கேரள நாட்டு மலைப்பகுதியிலிருந்து இதன் உறவினமான ஊதாத் தவளையை அறிஞர் பிஜுவும் ஃபிராங்கி போசூய்ட்டும் அறிவித்திருந்தனர். அத்தவளையின் நெருங்கிய சுற்றத்தினர் வாழும் இடம் எது தெரியுமா? இந்தியப் பெருங்கடலில் உள்ள செசெல்சு தீவுகள். கடலை நீந்திக் கடக்க இயலாத தவளைக்கு அங்கே சுற்றம் எவ்வாறு உண்டாயிற்று? ஒரு காலத்தில் இந்தியாவும் செசெல்சும் ஒரே பெருநிலத்தின் பகுதிகளாக இருந்தன. பின்னர் அந்நிலம் பிளந்து, துண்டுகள் விலகிச் சென்றன. அவ்வாறு விலகிய நிலத்தின்மீது இத்தவளையின் முன்னோர் பயணம் செய்தனர். இமயமலை எழுவதற்கு முன்பே தோன்றிய தொல்குடி இது.

இத்தவளை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கும். அங்கே கறையானைத் தின்று வாழும். மழைக்காலத்தில் மட்டும், இனம் பெருக்குதற்காகச் சில நாள் வெளிவரும். கேரளத் தவளை தென்மேற்குப் பருவமழையில் வெளிப்படுகிறது. மலையின் கிழக்குச் சரிவிலுள்ள நம் தவளையோ வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. காரணம் வெளிப்படை: தென்மேற்குக் காற்றின் மழையை மலையின் மேற்குப் பக்கம் பெரிதும் வாங்கிக்கொள்வதால், வத்திராயிருப்பு போன்ற கிழக்கு அடிவாரங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே பெருமழை. உழவரும் தவளையும் ஒரே மழையை நோக்கி இருக்கின்றனர்.

மழை பெய்து ஓடைகள் பெருகியதும், இத்தவளைகள் பாறையிடுக்கு நீரில் முட்டையிட்டு, மீண்டும் மண்ணுக்குள் புகுந்துவிடும். பொரிந்த தலைப்பிரட்டைகள் ஏனைய தலைப்பிரட்டைகளைப்போல் தேங்கிய நீரில் நீந்தி விளையாடுவதில்லை. அவற்றின் வாய் பற்றிக்கொள்ளும் அமைப்புடையது. அதனால் விரைந்து ஓடும் நீரிலும் பாறையை இறுகப் பற்றிக்கொண்டு, பாறைமீதுள்ள பாசியை உண்டு வளரும். கால் முளைத்துத் தவளையாகும்வரை அவ்வோடையே அவற்றுக்கு வீடு. ஓடை இடையில் வற்றினாலும், அதன் போக்கு மறிக்கப்பட்டாலும், குப்பையும் நெகிழிப் பையும் பாறைகளை மூடினாலும் அவை வாழ வழியில்லை. மலைக்கு வழிபடச் செல்வோரும், உலாவச் செல்வோரும் விட்டெறியும் ஒரு பை, அவ்வகையில் ஒரு தலைமுறையையே மாய்த்துவிடக் கூடும்.

மலையிலிருந்து இறங்கும் அந்நீரே அணைக்கும் வருகிறது, கண்மாய்க்கும் வருகிறது, நம் வயலுக்கும் வருகிறது. தவளைக்குத் தூய்மையாக இருக்கும் ஓடை நமக்கும் தூய்மையாக இருக்கும். ஆதலால், அதனைக் காத்தல் பிற உயிர்க்குச் செய்யும் அருள் மட்டுமன்று. நமக்கே செய்துகொள்ளும் நன்மையுமாகும்.

முடிவுரை

ஊதா நிறத்துக்காக மனிதர் ஆயிரமாயிரம் நத்தைகளை மாய்த்தனர், சட்டம் செய்தனர், பொன்னைக் கொட்டினர். அந்நிறத்தை அணிந்த பேரரசர்களின் மாளிகைகள் இன்று இடிபாடுகளாய்க் கிடக்கின்றன. எவரிடமும் விலை கேளாமல், எவரையும் பணியச் சொல்லாமல் ஊதா அணிந்த சிறு தவளையோ, கண்டங்கள் பிரிந்த காலத்திலிருந்து தன் குலத்தைக் காத்து, இன்றும் மலைமண்ணுக்குள் மழைக்குக் காத்திருக்கிறது. அதற்கு நாம் தரவேண்டியது பொன்னன்று. தெளிந்த நீரோடும் ஓர் ஓடை மட்டுமே.

அடுத்த கார்த்திகை மாதத்தில், வத்திராயிருப்பின் வயல்வெளியில் மழை ஓய்ந்த மாலையில் நின்று, ஊதா நிறங்கொண்ட மலையை நோக்குபவர் இதனை நினைவிற் கொள்வாராக. மலையின்மேல் தோன்றும் ஊதா ஒளியின் விளையாட்டு. அது இருளில் மறைந்து, மறுநாள் மீண்டும் தோன்றும். மலையினுள் வாழும் ஊதாவோ ஓர் உயிர். அது ஒருமுறை மறைந்தால் மீண்டும் தோன்றாது.